பேய்க்குப் பந்தி போட்டவர்கள் நாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கோப்ளின் என்னும் மேல்நாட்டுக் குட்டிப் பேய்களைப் பற்றி வந்த ‘கோப்ளின்களின் பண்பாடு’ கட்டுரையைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். சாமி, சாப்பாடு, சடங்கு என்று ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரியே கட்டுரையாளர் அடுக்கியிருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில், ‘தமிழனுக்குப் பேய் என்றால் பயம்தான், அதை வைத்து விளையாடத் தெரியாது’ என்று ஒரு வரி. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் செய்தது வேறென்ன? போர் இல்லாமல் பட்டினி கிடக்கும் பேய்கள் காளியிடம் போய் முறையிடுகின்றன. கலிங்கப்போர் முடிந்ததும் களத்துக்குக் கூழ் சமைக்க வருகின்றன. முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்க வேண்டும், யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்க வேண்டும். செத்தவர்களின் பல்தான் கூழுக்கு அரிசி. பந்தியில் சமணப் பேய் ஒருவேளைதான் உண்ணுமாம். அதற்கு மயிர் விழாமல் வடித்து ஊற்றச் சொல்கிறார். புத்தப் பேய்க்கும் அங்கே இடம் உண்டு.

பூதமும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் இருக்கும் சதுக்கப் பூதம் கண்டவரையும் பிடிக்காது. போலித் துறவி, ஒழுக்கம் தவறியதை மறைக்கும் பெண், துரோகம் செய்யும் அமைச்சர், பிறன் மனைவிமேல் கண் வைப்பவன், பொய்ச்சாட்சி, புறங்கூறுபவன், இந்த ஆறு பேரைத்தான் பிடிக்கும். அதையும் நான்கு காதத்துக்குக் கேட்கிற மாதிரி முன்கூட்டியே உரக்கச் சொல்லிவிடும்.

நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். ஒரு மழை நாளில் வகுப்பில் இந்தப் பல் விளக்கும் பாட்டைப் படித்தேன். வருடம் முழுவதும் வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மறுநாள் ‘மிச்சப் பேய்க்கு என்ன ஆச்சு சார்’ என்று கேட்டான். அன்று மாலையே தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்வதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். இனி பாடப்பகுதியை மட்டும் நடத்துங்கள் என்றும் சொன்னார். அப்புறம் நான் படிக்கவே இல்லை. அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கவில்லை.

இதே பரணியைப் பற்றி உங்களுக்கு முன்பு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இடம் இருந்திருக்காது, சரி. பொங்கல் மலரில் வெளிநாட்டுப் பேய்களுக்கு மட்டும் நான்கு பக்கம் கிடைத்ததைப் பார்த்தபோதுதான் மனசு கேட்கவில்லை.

இப்போது கேட்பது அதிகமில்லை. அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம், செயங்கொண்டார் பெயரோடு, ஏதாவது ஒரு மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்