பின்னால் வருபவர்களின் கணக்கு

அன்பு மகனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த 2026 ஏப்ரலில் பிரிட்டன் அரசு எனக்குத் தரும் பென்ஷன் 4.8 சதவீதம் கூடி வாரத்துக்கு 241 பவுண்ட் 30 பென்ஸ் ஆகிவிட்டது என்று நான் சொன்னதும், "உங்களுக்கென்ன அம்மா" என்றாய். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதற்குப் பிறகு சொன்ன எதிலும் சிரிப்பு இல்லை. உங்கள் தலைமுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்களுக்குக் கடனை விட்டுப்போகிறது என்றாய். இதைப் போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் சம்பளத்தில் இன்னும் ஒரு பவுண்ட் கூடினால், அதில் 20 பென்ஸ் வருமான வரி, 8 பென்ஸ் நேஷனல் இன்சூரன்ஸ் (பென்ஷன் போன்றவற்றுக்கென்று சம்பளத்தில் பிடிப்பது), 9 பென்ஸ் மாணவர் கடன். ஆக 37 பென்ஸ் உன் கைக்கு வராமலே போய்விடுகிறது. நான் இன்னும் பகுதி நேரமாக மருந்துக் கடைக்குப் போகிறேன் அல்லவா? அங்கே எனக்குக் கூடும் ஒரு பவுண்டில் 20 பென்ஸ் மட்டும்தான் போகும். பென்ஷன் வயது தாண்டியவர்கள் சம்பளத்துக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கட்ட வேண்டியதில்லை. ஒரே கடை, ஒரே வேலை. பக்கத்தில் நிற்கும் உன் வயதுப் பெண்ணுக்குப் பிடிக்கிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. இது நியாயம் என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்கத் தயார். இதுவரை யாரும் விளக்கவில்லை. கோயிலில் ஒருநாள் இதைச் சொல்லப்போய், பாதிப் பேர் என்னோடு பேசாமல் விட்டதுதான் மிச்சம்.

அவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நாங்கள் கட்டின காசு, அதைத்தான் திருப்பி வாங்குகிறோம்." அப்படி ஒரு காசு எங்கேயும் சேர்ந்து கிடக்கவில்லை, மகன். எண்பதுகளில் என் சம்பளத்தில் பிடித்தது அப்போதிருந்த முதியவர்களுக்குப் போனது. இன்று உன்னிடம் பிடிப்பது எனக்கு வருகிறது. அந்த முதியவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1980இல் பிரதமர் தாட்சரின் அரசு, பென்ஷன் சம்பளத்தோடு சேர்ந்து உயர்வதை நிறுத்தி, விலைவாசியோடு மட்டும் கட்டிவிட்டது. சம்பளம் ஏற ஏற பென்ஷன் பின்தங்கிக்கொண்டே போய், 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் வாரத்துக்கு 75 பென்ஸ் கூட்டினார்கள். எவ்வளவு அவமானம் என்று அந்தக் காலத்து மனுஷிகள் கடையில் நின்று திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. 2010இல் வந்த கூட்டணி அரசின் டிரிபிள் லாக் அந்த அவமானத்துக்கு மருந்தாகத்தான் வந்தது. விலைவாசி, சராசரிச் சம்பளம், 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏற்றம்.

மருந்து கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். கோவிட் காலத்தில் சம்பளங்கள் சரிந்தபோதும் 2021இல் எங்களுக்கு 2.5 சதவீதம் கூடியது. சரிந்த சம்பளம் அடுத்த வருடம் பழைய இடத்துக்கு வந்தபோது அதை 8.3 சதவீத உயர்வு என்று கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த ஒரு வருடம் சம்பளக் கணக்கை நிறுத்திவைத்து 3.1 சதவீதம்தான் கொடுத்தார்கள். சம்பளம் இறங்கினால் பென்ஷன் இறங்காது, ஏறினால் கூடவே ஏறும். இப்படி ஒரு ஏற்பாடு எத்தனை காலம் ஓடும்? நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2016 முதல் 2020 வரை, வேலை செய்யும் வயதினருக்கான உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றை ஒரு பென்ஸ்கூடக் கூட்டாமல் அப்படியே நிறுத்திவைத்திருந்தார்கள். அதே நான்கு வருடமும் பென்ஷன் ஏறியது. நீ கோபப்பட்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கோபத்தை யார்மேல் காட்டுகிறாய் என்பதில்தான் உன்னோடு எனக்கு வழக்கு.

கொஞ்சம் யோசித்துப் பார். நீ பல்கலைக்கழகம் போன 2012இல்தான் கட்டணம் 9,000 பவுண்ட் வரை போனது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய கட்டணம், புதிதாக நுழைந்த உங்களுக்குப் புதுக் கட்டணம். மூன்றாவது பிள்ளைக்கு உதவி இல்லை என்ற விதி 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு வந்தது, அதற்கு முன் பிறந்தவர்கள் தப்பினார்கள். (அந்த விதியை இந்த ஏப்ரலில் எடுத்தார்கள், ஒன்பது வருடம் கழித்து.) நோயினால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் கிடைக்கும் மேலதிகத் தொகை, இந்த ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களில் மிகக் கடுமையான நோய் உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஏறக்குறைய பாதி. ஏற்கெனவே வாங்குபவர்களுக்குக் குறையவில்லை. போன வருடம் ஊனமுற்றோருக்கான பிப் தொகையை வெட்டப் பார்த்து, சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்தபோது அரசு முதலில் நீட்டிய சமாதானம் என்ன? இப்போது வாங்குபவர்களைத் தொட மாட்டோம், இனி வருபவர்களுக்கு மட்டும் என்பது. அது போதாமல் போனதால்தான் அந்தப் பகுதியையே சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

இருப்பவரிடம் கை வைத்தால் சத்தம் வரும், இன்னும் வராதவரிடம் வெட்டினால் சத்தம் வராது. வழி இதுதான். ஒரு தடவை மாற்றிச் செய்து பார்த்தார்கள், 2024இல், குளிர்கால எரிபொருள் தொகையில். ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்களுக்கு அது இல்லாமல் போனது. வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி வாங்குபவர்களுக்குத்தான் இனி என்றார்கள். அதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத ஏழைகள் எத்தனையோ பேர், அவர்களுக்கும் சேர்த்துப் போனது. ஒரு வருடத்துக்குள் 35,000 பவுண்ட் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் திரும்பக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த நிதி அமைச்சருக்கு அந்தப் பக்கம் போகத் துணிவு வரும்?

ஒரு காலத்தில் நானும் அந்த வராதவர்களில் ஒருத்திதான். பெண்களுக்கு பென்ஷன் வயது 60 என்று நம்பித்தான் நான் இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். 1995இல் அதை 65 ஆக்கச் சட்டம் போட்டார்கள். நீ அப்போது கைக்குழந்தை, நான் செய்தித்தாள் படிக்கும் நிலையில் இல்லை. 2011இல் இன்னொரு சட்டம், 66 ஆயிற்று. 1958இல் பிறந்த எனக்கு 2018இல் வர வேண்டியது 2024இல் வந்தது. அந்த ஆறு வருடமும் கால் வீங்க வீங்கக் கடையில் நின்றேன். நாற்பதுகளின் கடைசியில் பிறந்த உன் பெரியம்மாவுக்கு அந்தக் கஷ்டமில்லை, 60இலேயே கிடைத்துவிட்டது. அவளிடம் எனக்கு என்ன கோபம்? சட்டத்தை அவளா எழுதினாள்?

அதனால்தான் "பென்ஷனை வெட்டட்டும், அப்போது புரியும்" என்று நீ சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. பென்ஷனை வெட்டும்போது என்னுடையதை வெட்ட மாட்டார்கள், மகன். உன்னுடையதைத்தான் வெட்டுவார்கள். பென்ஷன் வயது இப்போது 67 நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதனால் ஒன்றுமில்லை. இன்றைய சட்டப்படி உனக்கு 68, அதாவது 2062. அதையும் இன்னும் மேலே தள்ளலாமா என்று பார்க்கிறார்கள். தொகையும் அப்படித்தான். டிரிபிள் லாக்கை நாளைக்கே எடுத்துவிட்டு மறுபடி விலைவாசியோடு கட்டினால், எனக்கு மிஞ்சியிருக்கும் வருடங்களில் கொஞ்சம் குறையும். உனக்கோ, 36 வருடம் தேய்ந்த பிறகுதான் கைக்கே வரும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அரசியல்வாதி இல்லை, கல்லாப்பெட்டி எண்ணும் மனுஷி. சராசரிச் சம்பளத்தில் இவ்வளவு பங்கு பென்ஷன் என்று ஒன்றை முடிவு செய்து, அதற்குப் பிறகு சம்பளம் ஏறும் அளவுக்கு இதுவும் ஏறட்டும். மூன்றில் பெரியதை எடுக்கும் விளையாட்டு வேண்டாம். பணம் போதவில்லை என்றால் இப்போது இருக்கிறவர்களிடமே கேட்கட்டும், அதுவும் வசதி இருப்பவர்களிடம். என் கடைச் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கட்டும், முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். பெரிய கம்பெனி பென்ஷனும் வாடகை வருமானமும் வைத்திருப்பவர் என்னைவிடக் கூடக் கட்டட்டும். வயதை மட்டும் தள்ளிக்கொண்டே போக வேண்டாம். மூட்டை தூக்கினவனுக்கும் கணினி முன் உட்கார்ந்தவனுக்கும் 68 ஒன்றாக இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியில் எங்களுக்கு அரசு பென்ஷனே இருக்காது, அதனால் வேலையிடத்து பென்ஷனிலிருந்தும் விலகிவிடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னாய். அதைச் செய்யாதே. உன் பங்கை நிறுத்தினால், முதலாளி தன் பக்கத்திலிருந்து போட வேண்டிய குறைந்தபட்ச 3 சதவீதமும் நின்றுவிடும். அது உன் சம்பளத்தின் ஒரு பகுதி, அதை அவர்களிடமே விட்டுவிட்டு வராதே. நீ மெல்பர்னில் இருந்த காலத்துக்கு நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் இடைவெளி இருக்கும். அதை நிரப்ப இப்போது அவசரப்பட்டுக் காசு கட்டாதே. முழு பென்ஷனுக்கு 35 வருடம் வேண்டும், 68 வரை வேலை செய்தால் அது எப்படியும் சேர்ந்துவிடும். அரசாங்க இணையதளத்தில் உன் கணக்கைத் திறந்து எத்தனை வருடம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லு. விலகல் படிவத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டாயென்றால், மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி இந்த வாரமே அலுவலகத்தில் கேள்.

அன்புடன்,
அம்மா