அந்த ‘ஆசியர்’ யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வந்த கண் உலர்வு பற்றிய கட்டுரையில், ஆசிய இனத்தவருக்கு இந்நோய் மிகுதி என்றும், இமையிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அவர்களுக்கு எளிதில் கெடுகின்றன என்றும் ஒரு வரி இருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கண் எரிச்சலோடு போராடிவரும் என் மனைவி அதைப் படித்துவிட்டு, “பிறவியிலேயே உள்ளது என்றால் மருந்து எதற்கு?” என்று கேட்டு இதழை மடித்து வைத்துவிட்டார். அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதம்.

சுரப்பிகளின் வேலையைக் கட்டுரையாளர் விளக்கியிருந்த விதத்தில் எனக்குக் குறையில்லை. மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ள இந்த நுண்சுரப்பிகளை 1666இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து கசியும் நெய்ப்பசை கண்ணீரின்மேல் படலமாகப் பரவி, அது ஆவியாகாமல் காக்கிறது. அந்த நெய் கெட்டியாகித் துளைகள் அடைபட்டால், கண்ணீர் எவ்வளவு சுரந்தாலும் கண்ணில் தங்காது. என் மனைவிக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்ததால், இது உலர்கண் என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. அது உறுத்தல் தாங்காமல் கண் பொழிகின்ற நீர் என்பது பிறகுதான் விளங்கியது.

என் மறுப்பு ‘ஆசியர்’ என்ற சொல்லைப் பற்றியது. இமைச் சுரப்பிக் கோளாறு பெய்ஜிங்கில் 69.3 விழுக்காடு, தைவானின் ஷிபாய் பகுதியில் 60.8, ஜப்பானிய முதியோரிடம் 61.9, பாங்காக்கில் 46.2 என்றும், அமெரிக்காவின் சாலிஸ்பரியில் 3.5, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 19.9 என்றும் கணக்குகள் உள்ளன. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஆசியக் கண்ணே பழுதானது என்றுதான் தோன்றும். ஆனால், ஓரிடத்தில் 40 வயதைக் கடந்தவர்களைப் பார்த்தார்கள், வேறோரிடத்தில் 65ஐக் கடந்தவர்களை. இமை விளிம்பில் சிவந்த நுண்ணிய இரத்தக்குழாய்கள் தெரிந்தாலோ துளை அடைபட்டிருந்தாலோ நோய் என்று சிலர் எண்ணினார்கள். மெல்போர்னில் கண்ணீர்ப் படலம் பத்து விநாடிக்குள் உடைகிறதா என்பதையே அளவாகக் கொண்டார்கள். ஒருவர் படியாலும் மற்றவர் மரக்காலாலும் அளந்த நெல்லை எப்படி ஒப்பிடுவது?

வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒரே நகரில், ஒரே தட்பவெப்பத்தில் வாழும் ஆசிய மரபினரையும் ஐரோப்பிய மரபினரையும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், ஆசிய மரபினரிடம் கண்ணை முழுதும் மூடாத அரை இமைப்பும் சுரப்பிகளின் தேய்வும் கூடுதலாகவே காணப்பட்டன. 2017இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் அறிக்கையும் முதுமை, பெண்பால் ஆகியவற்றோடு ஆசிய மரபையும் இடர்க் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும், காரணமாக ஆராயப்படுகின்ற மேலிமை மடிப்பின்மையும் இமையின் இறுக்கமும் கிழக்காசியருக்கே பெரிதும் உரியவை. நம் இமை மடிப்பு அப்படிப்பட்டதன்று. பெய்ஜிங்கில் எண்ணியதை எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு அப்படியே பொருத்துவது, உலகப் படத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் ஒரே ஊர் என்று சொல்வது போன்றது. ‘இனம்’ என்ற சொல்லும் இங்கே இடறுகிறது: எங்கள் சிற்றூர் வட்டத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் மலையாளமும் பேசுகிறார்கள், இவர்களை இரண்டு இனமாக எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா? ‘மரபுவழி’ என்று எழுதியிருக்கலாம். (தமிழாசிரியனாக இருந்த பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரு வீட்டாருக்கும் பொதுவானது காற்று. கார்த்திகை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கி, தை மாதம் வரை பனையோலைகளைச் சலசலக்க வைக்கும். மலையாளிகள் இதை விருச்சிகக் காற்று என்பார்கள். கணவாயிலுள்ள கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்தது சும்மாவா? மழை குறைந்த எங்கள் கிழக்குப் பகுதியில் அந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் துணியை உலர்த்திவிடும். நெய்ப்படலம் மெலிந்த கண்ணை விட்டுவைக்குமா? என் மனைவிக்கு எரிச்சல் உச்சத்தில் இருப்பதும் அந்த மாதங்களில்தான். இதற்குப் பரம்பரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எங்கள் பழக்கங்களையும் கட்டுரை தொடவில்லை. இமையின் உள்விளிம்பில், அதாவது சுரப்பிகளின் வாயிலேயே, கண்மை தீட்டுவது இங்கே சிறுமி முதல் பாட்டி வரை வழக்கம். எண்ணெய் குறைந்தால் எண்ணெய் விட வேண்டியதுதானே என்று சமையலறை விளக்கெண்ணெயைக் கண்ணில் விட்ட உறவினர் ஒருவரும் எங்களுக்கு உண்டு. கிருமி நீக்கப்படாத அந்த எண்ணெயால் அவர் ஒரு வாரம் கண் சிவந்து கிடந்தார். கெட்டியான நெய்யை உருக்குவதற்கு மூடிய இமைமேல் வெதுவெதுப்பான ஒத்தடமும், பின்னர் இமையை விளிம்பு நோக்கி மெல்ல நீவிவிடுவதும் மருத்துவர்கள் சொல்லும் முதல் வழி. அது எந்த மரபினருக்கும் பொதுவானது. கட்டுரையில் அதற்குக் கிடைத்த இடம் அரை வரி.

ஆகவே, அடுத்த இதழில் இரண்டு திருத்தங்களை வெளியிட வேண்டுகிறேன். அந்த வரிக்கு ஆதாரமான விழுக்காடுகள் எந்த ஊரில், எந்த வயதினரிடம், எந்த அளவுகோலால் எடுக்கப்பட்டவை என்பதை அவற்றோடு சேர்த்து அச்சிடுங்கள். ஒத்தடத் துணி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும், சூடு ஆறினால் என்ன செய்வது என்பதை நம் பகுதிக் கண் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். என் மனைவிக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.