தை மாசத் தூறலையும் சொல்லுங்கள்: வானிலை முன்னறிவிப்பு தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகத்தில் இருந்து அறிக்கை எழுதுகிற அதிகாரிகளுக்கும், சம்பளம் எதுவும் வாங்காமல் ராத்திரி கண்விழித்து செயற்கைக்கோள் படம் பார்த்துச் சொல்லுகிற வானிலை ஆர்வலர்களுக்கும், ஈரோடு மாவட்டத்து மஞ்சள் விவசாயி ஒருவரின் வணக்கமுங்க.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் எங்கள் பக்கம் இப்போது உரம் வைக்கிறோம், மருந்து அடிக்கிறோம், வேலைக்கு ஆள் சொல்லுகிறோம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே உருவாகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் தினசரிப் பேச்சாகிவிட்டது என்றால் அது உங்களால்தான். அதற்கு முதலில் நன்றி.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். பொங்கலோடு நிறுத்திவிடாதீர்கள். மாசி முடிகிற வரைக்கும், கொங்கு நாட்டுக்கென்று தனியாக, சின்னத் தூறலையும் விடாமல் சொல்லுங்கள்.

கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை என்று எங்கள் அப்பாரு காலத்தில் சொல்லுவார்கள். இந்தச் சீமையில் பண்ணையம் அமைந்திருப்பதே அந்த நம்பிக்கையின் மேல்தான். வைகாசி, ஆனியில் ஊன்றுகிற மஞ்சள் எட்டு ஒன்பது மாசம் மண்ணில் கிடந்து தையிலும் மாசியிலும் வெட்டுக்கு வரும். மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, கீழைக்காற்று ஈரமில்லாமல் வீசுகிற நாட்கள் அவை. வெட்டிய மஞ்சளை வேகவைத்துக் களத்தில் கொட்டினால் பத்துப் பதினைந்து நாள் வெயில் குடித்து, ஒடித்தால் டக்கென்று சத்தம் வருகிற பதத்துக்குக் காய்ந்துவிடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பாலீஷ் போட்டு மூட்டை பிடிப்போம்.

மஞ்சள் மட்டும் இல்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போய்ப் பாருங்கள், தேங்காயை உடைத்து ஏக்கர் கணக்கில் களத்தில் பரப்பியிருப்பார்கள். பருப்பில் ஈரம் பட்டால் கறுத்துப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவர்களுக்கு அடுப்பெரிக்க விறகு கிடையாது. பிழிந்த கரும்பின் சக்கையைத்தான் வெயிலில் காயவைத்து எரிப்பார்கள். சக்கை நனைந்தால் அன்றைக்கு ஆலை ஓடாது, வெட்டிப்போட்ட கரும்பு கிடந்து சாறு புளிக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை இது. சென்னிமலைப் பக்கம் தெருவில் நெசவுக்குப் பாவு போட்டுக் கஞ்சி ஏற்றுகிறவர்களுக்கும் காலை வெயில் வேண்டும். தைப் பிறப்பு வறண்டிருக்கும் என்று நம்பித்தான் இத்தனை தொழிலும் நடக்கிறது.

அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. 2021-லும் 2022-லும் வடகிழக்குப் பருவமழை விலகிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததே ஜனவரி 20-ஐ ஒட்டித்தான். 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே சாய்ந்து முளைத்தது ஊரறிந்த சேதி. இங்கே களத்தில் கிடந்த மஞ்சளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அந்த ரெண்டு குளிர்காலமும் பசிபிக் கடல் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடக்கிற லா நினா இருந்தது என்பதை உங்கள் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இலங்கைக்குத் தெற்கேயோ குமரிக் கடலிலோ ஒரு சுழற்சி வந்து நின்றால், கிழக்குக் காற்று கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்பதும் அப்படித்தான் தெரியும். காரணம் புரிந்துவிட்டது. நாள் தெரிவதில்லை, அதுதான் குறை.

பெரிய மழை வரும்போது நீங்கள் யாரும் சும்மா இருப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்ளே நகர்ந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது நாடே அதைப் பேசியது, பேசத்தான் வேண்டும். உயிர் போகிற விஷயம். ஆனால் அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தை மாசத்துக் கொங்கைப் பார்த்தால் இங்கே நடப்பது எதுவும் கண்ணில் படாது. உங்கள் கணக்கில் ஒரு நாளில் 6.45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை. ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் லேசான மழை. அதற்கும் கீழே மிக லேசான மழை என்று ஒன்று இருக்கிறது, இரண்டரை மில்லிமீட்டருக்கு உட்பட்டது. எங்களை அழவைப்பது அந்தக் கடைசி வகைதான்.

களத்துக்கு வந்து பார்த்தால் இது புரியும். வெந்த மஞ்சளை நாலு விரல் கனத்துக்குப் பரப்பியிருப்போம். சாயங்காலம் குவித்து, பனி இறங்காமல் படுதா போட்டு மூடுவோம். காலையில் வெயில் வந்ததும் திறந்து மறுபடியும் பரப்பவேண்டும். ஒரு நாள் முழுக்க மேகம் மூடிக்கிடந்து, அவ்வப்போது பிசுபிசுவென்று தூறினால் திறக்கவும் முடியாது, மூடியே வைக்கவும் முடியாது. மூடி வைத்த படுதாவுக்குள் கையை விட்டால் அடுப்பங்கரைச் சூடு இருக்கும். துணியின் அடிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, அந்தத் தண்ணீரே மஞ்சள்மேல் சொட்டும். ரெண்டு நாள் இப்படிப் போனால் விரலி மஞ்சள்மேல் வெள்ளைப் பூஞ்சை ஓடிவிடும். மூணாவது நாள் ஒடித்துப் பார்த்தால் உள்ளே நிறம் மங்கியிருக்கும். அப்புறம் எத்தனை வெயில் அடித்தாலும் அந்த நிறம் திரும்பாது. ஏலத்தில் வியாபாரி கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பார், அதோடு விலை இறங்கிவிடும். மழைமானியில் அந்த ரெண்டு நாளுக்கும் சேர்த்து நாலு மில்லிமீட்டர்கூட விழுந்திருக்காது. எந்த அறிக்கையிலும் அது சேதமாக வராது.

அதனால் சென்டிமீட்டரோடு சேர்த்து வெயிலையும் சொல்லுங்கள். நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் இருக்கும், மேகம் எப்போது விலகும், காற்றில் ஈரம் எவ்வளவு, விடிகாலைப் பனி எப்படி? இந்த நாலும் தெரிந்தால் களத்தில் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மண்ணுக்குள் இருக்கிற மஞ்சள் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. வெட்டி எடுத்துவிட்டால் ரெண்டு மூணு நாளுக்குள் வேகவைத்தாக வேண்டும், வேகவைத்துவிட்டால் காயவைத்தே ஆகவேண்டும். ஆக, வெட்டுகிறதா நிறுத்துகிறதா என்ற முடிவு ஒன்றுதான் எங்கள் கையில் இருக்கிறது. அதற்கு அப்புறம் எல்லாம் வானத்தின் கையில். மஞ்சள் வேகவைத்துத் தருகிற பாய்லர்காரர் முறை போட்டு ஊர் ஊராக வருகிறவர். “ஏனுங்க, திங்கக்கெழமை வந்தரட்டுங்களா?” என்று போனில் கேட்பார். சரி என்று சொல்லிவிட்டால் வெட்டும் ஆட்களுக்கு அன்றைக்கே முன்பணம் கொடுக்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாளைய வானிலை போதாது. அடுத்த பத்து நாள் எப்படி இருக்கும் என்ற ஒரு திசை வேண்டும். வியாழக்கிழமைதோறும் நாலு வாரத்துக்கான கணிப்பு நாடு முழுமைக்கும் வெளியாகிறது என்று அறிவேன். அதில் இருக்கிறதை எங்கள் ஊர்ப் பேச்சில், ஒரு பக்கத்துக்குள், வெள்ளிக்கிழமை காலையில் யாராவது சொன்னால் அதைவிட வேறு என்ன வேண்டும்?

தப்பாகிவிடுமோ என்று நீங்கள் தயங்குவது தெரியும். பத்து நாள் முன்னால் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். உறுதி வேண்டாமுங்க. பத்துக்கு நாலு வாய்ப்பு என்றால் நாலு என்றே சொல்லுங்கள். மறுநாள் அது ரெண்டாகக் குறைந்தால் குறைந்தது என்று சொல்லுங்கள். விவசாயிக்கு வாய்ப்புக் கணக்கு புரியாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமல் மஞ்சளை வருஷக்கணக்கில் இருப்பு வைத்து விற்கிறவன் மஞ்சள் விவசாயி. அவனுக்கு வாய்ப்புக் கணக்கை யாரும் புதிதாகக் கற்றுத்தரத் தேவையில்லை. அதே மாதிரி, மழை இல்லை என்பதையும் சொல்லுங்கள். மழைக்கு மட்டும் பதிவு போட்டுவிட்டு மற்ற நாளில் அமைதியாக இருந்தால், அது வெயில் என்று சொல்கிற அமைதியா, பார்க்கவில்லை என்கிற அமைதியா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ‘அடுத்த ஏழு நாள் ஈரோடு, கரூர் பக்கம் மழை இல்லை, தைரியமாக வெட்டலாம்’ என்று ஒரு வரி போதும். தையில் எங்களுக்கு அதுதான் பெரிய முன்னறிவிப்பு.

இடத்தையும் கொஞ்சம் பிரித்துச் சொல்லவேண்டும். ‘தமிழகத்தில் ஓரிரு இடங்களில்’ என்று வரும்போது, மழைமானி இருக்கிற இடங்களில் கால்பங்குக்கு உட்பட்டது என்று அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது, அந்த ஓரிரு இடத்தில் நம் ஊர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ‘மேற்கு மாவட்டங்கள்’ என்பதும் அப்படித்தான். ஒரே கோவை மாவட்டத்துக்குள் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்குகிற சின்னக்கல்லாறும் இருக்கிறது, மானாவாரியாய்க் காய்கிற சூலூரும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிற ஊர்களுக்கும், காவிரிக் கரையில் இருக்கிற கொடுமுடிக்கும், மூலனூர், தாராபுரம் வறட்டுக் காடுகளுக்கும் ஒரே வரியில் பதில் சொன்னால் அது யாருக்கும் பதில் ஆகாது.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. இப்போது தையில் ஒரு வாரம் நடுங்கவைக்கிறது, அடுத்த வாரம் மேகம் மூடி ராத்திரி புழுங்குகிறது, அப்புறம் திடீரென்று மறுபடியும் பனி கொட்டுகிறது. பல்லடம், பொங்கலூர் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவர்கள் காலையில் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போவார்கள். ஈரம் பத்து மணி வரைக்கும் காயாமல் நின்றால் நுனி கருக ஆரம்பிக்கும். மாமரம் பூவெடுக்கிற நேரமும் இதுதான். மேகமும் பனியும் மாறி மாறி வந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் ஏறும். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர்களுக்கும் ரெண்டு நாள் முன்னால் ஒரு சொல் வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு வானிலையைச் சொல்லும்போது வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாம் சொல்லி, அதற்கு ஏற்றபடி கோழிகளை எப்படிப் பராமரிப்பது என்றும் சேர்த்தே சொல்கிறது. பத்திரிகையில் அது வரும்போது கோழி வளர்க்காதவர்களும் படிக்கிறார்கள். அந்த அறிக்கையை எழுதுகிறவருக்குக் கோழியும் தெரியும், வானமும் தெரியும். மஞ்சளுக்கும் கொப்பரைக்கும் அப்படி ஒன்று வரவேண்டும். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது கடைசியில் களத்து வெயில்தான். இந்த நேரத்தில், நாடு முழுக்க இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024-ல் மூடப்பட்டது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். வட்டார அளவில் விவசாயியோடு பேசுவதற்கென்றே அமைந்தவை அவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவர அதிகாரம் உள்ளவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு மழைமானி வைக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நீங்கள் அளவெடுக்கிற அதே காலை 8.30-க்கு நாங்களும் பார்த்து, தூறலோ சுழியமோ, தினமும் எழுதி அனுப்புகிறோம். மேகம் எப்போது வந்தது, வெயில் எப்போது தெளிந்தது, படுதாவை எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பதையும் சேர்த்தே அனுப்பலாம். நீங்கள் சொன்னது எந்த ஊரில் பலித்தது, எந்த ஊரில் தவறியது என்று உங்களுக்கும் கணக்குக் கிடைக்கும். ஒருநாள் நேரில் வந்து களத்தில் நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

முதல் அறிவிப்பு பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு முன்னால் வந்துவிட்டால் போதுமுங்க. பாய்லர்காரர் முறை எழுத ஆரம்பிப்பது பொங்கல் கழிந்த மறுநாள்தான்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவர்,
கொடுமுடி வட்டாரம், ஈரோடு மாவட்டம்.