அந்தக் கணுவைப் பார்த்தவர்களுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லத்தான் ஆசை. ஆனால் என் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் அன்று எனக்காக உழைத்தவர்களில் பாதிப் பேரின் முகமே எனக்குத் தெரியாது, நான் மயக்கத்தில் இருந்தேன், சிலர் லேபில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருந்தார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டருக்கு. மார்பகத்தை எடுக்கும்போதே அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புதிதாக ஒன்றை அமைத்துவிடலாம் என்று முடிவானதும், நீங்கள் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினீர்கள். வயிற்றிலிருந்து எடுக்கும் சதை பிழைக்க ரத்த ஓட்டம் வேண்டும், அதற்காக நெஞ்செலும்பை ஒட்டி விலாவுக்கு உள்பக்கம் ஓடும் ரத்தக் குழாய்களோடு அதன் குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்போம், அங்கே போய்ச் சேர விலாவின் குருத்தெலும்பில் கொஞ்சம் எடுக்கவும் வேண்டியிருக்கும் என்றீர்கள். அப்புறம், "அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் நிணநீர்க் கணுக்கள், அதாவது உடம்பின் நிணநீரை வடிகட்டும் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும்மா, ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டீர்கள். சரி என்றேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விதான் என் சிகிச்சையையே மாற்றியது.

மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்குத்தான் போகிறது, அதனால் நோய் பரவியிருக்கிறதா என்று தேடுவதும் அங்கேதான். என் புற்றுநோய் சர்ஜன் நீலச் சாயமும் சிறிதளவு கதிரியக்க மருந்தும் செலுத்தி, அவை முதலில் போய்ச் சேர்ந்த கணுக்களை மட்டும் எடுத்தார். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றை உறையவைத்துச் சீவிப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று லேபிலிருந்து தகவல் வந்துவிட்டது. அக்குளில் உள்ள மற்றதையெல்லாம் வழித்தெடுக்காமல் விட்டீர்களே டாக்டர், என் கை இன்றுவரை வீங்காமல் இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் எல்லோருக்கும் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் வழக்கம். 1998, 1999 ஆண்டுகளில் இத்தாலியின் மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி என்ற சர்ஜனின் குழுவினர், முதல் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமா என்று நடத்திய ஆய்வில் சேர்ந்த 516 பெண்களைப் போன்றவர்கள் தங்கள் உடம்பை நம்பி ஒப்படைத்ததால்தான் இன்று எங்களுக்கு இந்தச் சலுகை. அவர்களுக்கும் என் நன்றி.

நெஞ்செலும்புப் பக்கத்துக் கணுக்களை வழக்கமாக யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை. ரத்தக் குழாய்க்காக அங்கே போன இடத்தில், பருப்பு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. அத்தனை மணி நேரம் நின்று, தலைமுடி போன்ற நூலால் தைக்கும் அவசரத்திலும் "இதையும் அனுப்புங்கள்" என்று தனிப் பாட்டிலில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பொறுமையாக அடுக்கடுக்காகச் சீவிப் பார்த்த பேதாலஜி டாக்டர் யார் என்று எனக்குத் தெரியாது. அதில் புற்றுநோய் செல்கள் இருந்தன. அக்குள் சுத்தம், ஆனால் இது சுத்தமில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னீர்கள், நான் அழுது முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. என் தங்கச்சி நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னீர்கள். ரேடியேஷன் தேவையில்லாமல் போகலாம் என்று இருந்த திட்டம் மாறியது. ரேடியேஷனால் புது மார்பகம் கொஞ்சம் இறுகலாம், சுருங்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். மறைக்காமல் சொன்னதால்தான் தைரியமாகச் சம்மதிக்க முடிந்தது. எனக்கு இடது பக்கம் என்பதால் அந்தக் கணுக்கள் இருக்கும் இடமும் இதயமும் நெருக்கம். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் தள்ளிப்போகும் அந்த நேரத்தில் மட்டும் கதிரைச் செலுத்திய டெக்னீஷியன்களும், அளவு கணக்குப் போட்ட மருத்துவ இயற்பியலாளரும் எனக்கு ரொம்ப முக்கியமானவர்கள்.

நர்ஸ் சிஸ்டர்களே, முதல் இரவு மணிக்கு மணி வந்து புதுச் சதையின் நிறம் பார்த்து, சூடு பார்த்து, டாப்ளர் வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தை எனக்கும் கேட்கவைத்தீர்கள். நீலச் சாயத்தால் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நான் அலறியிருப்பேன். ட்ரெயின் குழாயில் சேர்ந்ததை அளந்து கொட்டிய கைகளை மறக்கவே மாட்டேன். கையை மெதுவாகச் சுவரில் ஏற்றச் சொல்லி, வலித்தால் நிறுத்தி, மறுநாள் விடாமல் வந்து நின்ற பிசியோதெரபிஸ்டுக்கும் நன்றி, இப்போது மேல் அலமாரி எட்டுகிறது.

எனக்கு முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அக்கா, கதவைச் சாத்திவிட்டுத் தன் தழும்புகளை எனக்குக் காட்டினார். எந்த டாக்டர் சொல்லியும் அடங்காத பயம் அன்றைக்குத்தான் அடங்கியது. அக்கா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. உங்களைப் போலவே யாராவது கேட்டால் நானும் காட்டுகிறேன்.

ரேடியேஷன் முடிந்துவிட்டது, மாத்திரை தொடர்கிறது. அடுத்த செக்கப்புக்கு வரும்போது வார்டுக்கும் வருவேன் சிஸ்டர், நைட் டியூட்டியில் இருந்தவர்கள் யார் யார் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.