அடக்கம் என்ற பெயரில் நோயை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழில், பெண்ணுக்கு அடக்கமே அழகு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் உடுப்பு, கைபேசி, கதைபேச்சு எல்லாவற்றையும் எண்ணிக் கவலைப்பட்டிருந்தார். பிள்ளைகளில் அக்கறை இருப்பதால்தான் அவர் எழுதுகிறார். ஆனால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்தச் சொல் எங்கள் வீடுகளில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

அவர் திருக்குறளைத் துணைக்கு எடுத்திருந்தார். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன். அடக்கமுடைமை 13ஆவது அதிகாரம். பத்துக் குறளையும் படித்துப் பாருங்கள், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. மெய், மொழி, மனம் மூன்றும் தீய வழியில் போகாமல் அடங்குவதுதான் அடக்கம் என்பது பரிமேலழகர் உரை. அந்த உரையை அச்சில் பதிப்பித்தவர்களில் ஒருவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர். பத்தில் மூன்று குறள் நாக்கைக் காப்பது பற்றியவை. பணிவு எல்லோருக்கும் நல்லது, பணக்காரருக்கு அது இன்னொரு செல்வம் என்கிறது 125ஆவது குறள். அப்படிப்பட்ட சொல்லை மணமகள் தேவை விளம்பரத்தில் மட்டும் போடுகிறோம். மணமகன் தேவை விளம்பரம் எதிலும் 'அடக்கமான' என்று நான் வாசித்ததில்லை.

வீட்டுக்குள் அதன் பொருள் இன்னும் சுருங்கிவிடும். உரத்துச் சிரித்தால் அடக்கமில்லை. மாதவிடாய் வலியைத் தகப்பன் காதில் விழும்படி சொன்னால் அடக்கமில்லை. கூச்சம், பயம், மறைப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். சின்ன வயதிலேயே இப்படிப் பழகிய பிள்ளை நாற்பது வயதில் மார்பில் ஒரு கட்டியைக் கண்டால் யாரிடம் சொல்லும்?

யாரிடமும் சொல்லாது. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. எங்கள் கிளினிக்குக்குப் பிள்ளைக்கு ஊசி போட வந்த தாய், எல்லோரும் போகும்வரை வாங்கிலின் ஓரத்தில் இருந்துவிட்டு, "மிஸ், ஒண்டு கேக்கலாமோ?" என்பார். எவ்வளவு காலமாக இருக்குது என்று கேட்டால் தலை குனிந்துவிடும். "நோகேல்லை மிஸ், அதுதான் பேசாமல் விட்டனான்." "அவருக்குக்கூடச் சொல்லேல்லை." மார்புப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. நோகும்வரை பொறுத்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் ஊரில் அடக்கமான பெண்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அந்தப் பெயரை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்புப் புற்றுநோய். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் குணமாக்க நல்ல வாய்ப்பு உள்ள நோய் அது. இப்படியான நோய்களை நேரத்தோடு கண்டுபிடிக்க, 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் நாடு முழுவதும் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். காசு இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போக வேண்டும். இரத்த அழுத்தம், சீனி பார்ப்பார்கள், மார்பைச் சோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனையும் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர்கள் எல்லோரும் பெண்கள்தான். மறைப்புக் கட்டிய அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான் எதையும் செய்வோம். உங்கள் மானம் எங்களுக்கும் மானம்.

வீட்டிலும் இருபது வயதுக்குப் பிறகு மாதம் ஒருமுறை, மாதவிடாய் தொடங்கி ஏழிலிருந்து பத்து நாளுக்குள், தன் மார்பைத் தானே தடவிப் பார்க்கலாம். கட்டி, தோல் சுருக்கம், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், இதில் எது தெரிந்தாலும் அடுத்த கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பெண்களின் கூச்சத்தை எங்கள் ஊர் மதித்தே வந்திருக்கிறது. ஆண் வைத்தியரிடம் காட்ட மாட்டோம் என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே மக்லியோட் வைத்தியசாலையை மிஷனார் தொடங்கினார்கள். பெண் வைத்தியர்கள் கடல் கடந்து வந்து அங்கே வேலை செய்தார்கள். எங்கள் பூட்டிமாருடைய கூச்சத்துக்கு ஒரு வழி அன்றைக்கே செய்து கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை முன்பின் அறியாத மனிதர்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்த கட்டடம் அது. இவ்வளவு கிட்ட இருந்தும் வாசலுக்கு வரப் பெண்கள் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்தைப் பழக்கிவிட்ட நாங்கள்தான் அதை மாற்ற வேண்டும்.

தாய்மாருக்கு ஒன்று. தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது. "இந்த வயசிலை இதெல்லாம் என்னத்துக்கு" என்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்காமல் விடாதீர்கள். ஊசி எதற்கு என்று பிள்ளை கேட்டால் நேராகவே சொல்லுங்கள், விளங்குகிற வயதுதான். தகப்பன்மாருக்கும் ஒன்று. கிளினிக் நாளில் மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிடுங்கள். கேட்டுக்கொண்டு போக வேண்டிய நிலையில் அவரை வைக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வீட்டுக்கு வீடு போகிறது. யாழ் மாவட்டத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஒவ்வொன்றிலும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று மாதத்தின் முதல் ஞாயிறு இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட முடியுமா? மரண அறிவித்தல் பக்கத்துக்குப் பக்கத்தில் போட்டால் எல்லோர் கண்ணிலும் படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
சுன்னாகம்.