ஆய்வுக்கு வழி இரண்டாம் ஆண்டிலேயே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு கலைக் கல்லூரிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். முனைவர் பட்ட உதவித்தொகைகள் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கட்டத்தை எட்டாமலேயே நின்றுவிட்ட என் மாணவர்களின் நினைவு வருகிறது. இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தரப்படுகிறது; பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கெனத் தனி உதவித்தொகைகளும் உண்டு. ஆனால் இவையெல்லாம் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கே. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு வழி அடைபடுவதோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில்.

என்னிடம் படித்த ஒரு மாணவர் ஒளியின் நிறங்களைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியைச் சரிசெய்யும் பொறுமையை வேறெவரிடமும் நான் கண்டதில்லை. கோடையில் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவார். அந்தச் சம்பளத்தில்தான் அடுத்த ஆண்டின் விடுதிக் கட்டணத்தைக் கட்டுவார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து கோடைக்கால ஆய்வுப் பயிற்சி அளிப்பதை, விண்ணப்பிக்கும் நாள் கடந்த பிறகே நான் அறிந்து அவரிடம் சொன்னேன். மறு ஆண்டு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதமோ, 'நன்னடத்தை உடையவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர்' என்ற நான்கு வரிதான். தவறிப்போன சோதனையை அவர் எப்படித் திருத்தினார், என்ன கேள்வி கேட்டார் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவர் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. படிப்பில் சேர முடியும் என்ற செய்தியும் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

அமெரிக்காவில், 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்த கறுப்பின இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேர் பெயரில் நடக்கும் அரசுத் திட்டம், இளங்கலை மாணவர்களையே தேடிச் செல்கிறது. அதில் சேர்க்கப்படுவோரில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் ஏழ்மையான, பெற்றோர் பட்டம் பெறாத குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்யவும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் அவர்களுக்குத் துணை கிடைக்கிறது.

நம் கல்லூரிக் கல்வி இயக்ககம் செய்ய வேண்டியதும் இதுதான். ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறைத்து, இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஆய்வுக்குத் தயார்ப்படுத்தும் பொறுப்பைத் தர வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கு ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, கோடையில் ஆய்வகத்துக்குச் செல்லும் மாணவர் இழக்கும் கூலியை ஈடுகட்டும் தொகையை முன்கூட்டியே வழங்க வேண்டும். பயிற்சி முடிந்து பல மாதங்களுக்குப் பின் வரும் பணத்தால் விடுதிக் கட்டணத்தைக் கட்ட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் இணைப் பேராசிரியர்,
கரூர்.