ஒரு வீட்டில் மூன்று வைரஸ்: குமரி மாவட்ட மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், அரசு, தனியார் மருத்துவர்களுக்கும், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. இருவருக்குமே இது இரண்டாம் திருமணம். எல்லாம் தெரிந்துதான் செய்துகொண்டோம். அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இருக்கிறது. அப்புறம் எனக்கு எச்.பி.வி., அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ், இருப்பதும் பரிசோதனையில் தெரிந்தது. கீழே பெயர் போடவில்லை. எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எங்களைக் கணவன் மனைவியாகச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். இப்போது ஒவ்வொரு வைரஸுக்கும் ஓர் அறை, ஒரு நோட்டு, ஒரு டாக்டர். ஓர் அறையில் சொன்னது அடுத்த அறைக்குத் தெரிவதில்லை. நடுவில் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது நாங்கள்.

இதனால் என்ன வருகிறது என்று சொல்கிறேன். எச்.ஐ.வி.-க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. இதை ஆலோசகர் எங்களுக்கு அருமையாக விளக்கினார். அன்று வீட்டுக்கு வந்து இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஆனால் ஹெபடைட்டிஸ் பி-க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதற்கு நான் தடுப்பூசி போட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. வேறொரு விஷயமாகப் போன இடத்தில் ஒரு நர்ஸ் சிஸ்டர் தற்செயலாகக் கேட்டார்: "நீங்க மூணு ஊசி போட்டாச்சா?" முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடம்பில் இந்த ஊசி சரியாகப் பிடிக்காமலும் போகலாம். அதனால் கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அது உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும். சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டியதில்லை. இதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாமியார்கள் முதலில் பிரிப்பது தட்டைத்தான்.

அடுத்தது மாத்திரை. எங்களுக்குத் தருகிற கூட்டு மருந்து டி.எல்.டி., மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. அதில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்கி வைப்பவை. திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படியிருக்க, என் கணவருக்குக் கண் மஞ்சளானபோது ஒரு தனியார் கிளினிக்கில், "கல்லீரல் தேறும்வரை எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்றார்கள். அக்கம்பக்கத்தில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் இருக்கச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றால் முதலில் வாயில் வருவது அதுதான். கிளினிக்கில் இருந்தவர், எங்களுக்குக் கூட்டு மருந்து தரும் சிகிச்சை மையத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே? போன் போட்டது நான். "மாத்திரையை விடாமல் உடனே வாருங்கள்" என்றார்கள்.

தனியார் டாக்டர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ எழுதும் முன் அந்த மையத்தில் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்த அறைக்குப் போனாலும் கேட்கிறார்கள்: "யார்கிட்டயிருந்து யாருக்கு வந்தது?" சிகிச்சைக்கு அது எதற்கு? ஹெபடைட்டிஸ் பி பிறக்கும்போது தாயிடமிருந்தே வந்திருக்கலாம். குழந்தைகளுக்கான அந்தத் தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011-இல்தான். எங்கள் வயதுக்காரர்களுக்கு ஏது ஊசி? எச்.பி.வி.-யோ உடலுறவு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்து போவது. பல வருடம் கழித்துக்கூடத் தெரியவரும். அதை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது. இந்தக் கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாத வீடுகளும் உண்டு.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதனால் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் முகாம்களில் 30 வயதுக்கு மேல்தான் கூப்பிடுகிறார்கள். கூட்டு மருந்து வாங்க வரும் பெண்களை அதே நாளில் இந்தப் பரிசோதனைக்கும் அனுப்பினால் என்ன? எச்.பி.வி. இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை என்பதையும் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லாததால், இரண்டு நாள் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நேரம். என் கணவர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன் மரத்தடிக்குப் போனால், பால் எடுத்து ஷீட் அடித்து முடிய மதியமாகிவிடும். அதற்குள் ஓ.பி. முடிந்துவிடுகிறது. மூன்று அறைக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாள் கூலி போகிறது. அதனால்தான் பல கணவர்கள் வருவதில்லை; மனைவியை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு நாள், மதியத்துக்கு மேல், ஜோடியாக வருகிறவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ரத்தம் எடுப்பது, ஊசி, பரிசோதனை, ஆலோசனை எல்லாம் அன்றே முடியட்டும். மழைக்காலத்தில் பல நாள் பால் வெட்டு இருக்காது. தொடங்கிப் பார்க்க அது நல்ல நேரம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு மனைவி